சுண்ணாம்பில் வரைந்த விடைத்தாள்

தேர்வில் முறைகேடு நடந்திருக்கலாம் என்று ஐயம் எழுந்தால், சம்பந்தப்பட்ட மாணவரிடம் விளக்கம் கேட்டுப் பெற்று, அதைப் பரிசீலித்த பிறகே அவருடைய முடிவை நிறுத்தி வைக்க வேண்டும் என்பது விதி. முதலில் நிறுத்தி வைத்துவிட்டு, விளக்கம் கேட்க மறந்துபோவது வழக்கம். இந்த விதிக்கும் வழக்கத்துக்கும் நடுவிலிருக்கும் இடத்தில் நாற்காலி போட்டுத்தான் இருபத்திரண்டு ஆண்டுகள் ராணுவத்தில் எழுத்தராக உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றிருக்கிறேன். ஆனால் அந்த இடத்தை நான் முதன்முதலாகப் பார்த்தது எட்டாம் வகுப்பில். அப்போது என் மூக்கில் ஈரச் சுண்ணாம்பின் காரம் இருந்தது. பாதத்து வெடிப்புகளில் அதே சுண்ணாம்பு புகுந்து சுரீரென்று எரிந்துகொண்டிருந்தது.

எங்கள் ஊர் திண்டுக்கல்லிலிருந்து நிலக்கோட்டைக்குப் போகும் வழியில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்தது. ஊரில் எட்டாம் வகுப்பு வரைக்கும் ஒரு நடுநிலைப் பள்ளி. மாசி பிறந்து பின்பனி குறையத் தொடங்கியதும் மல்லிகைக் கொடிகளில் மொட்டு குலுங்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளில் பாதிப்பேர் இருட்டோடு தோட்டத்துக்குப் போய்ப் பூப் பறித்துக் கொடுத்துவிட்டு, விரல் நுனியில் காம்புச் சாறு பிசுபிசுக்க முதல் மணிக்கு ஓடி வருவார்கள். அதே மாதத்தில்தான் விளையாட்டு விழாவும் வரும். சாக்கு ஓட்டம், எலுமிச்சை ஓட்டம், மெதுவாகச் சைக்கிள் ஓட்டுவது, ஆசிரியைகளுக்கு மட்டுமான "மியூசிக்கல் சேர்" என்று ஒரு வாரம் பாடமே நடக்காது. அந்த வாரத்துக்கு வேண்டிய கோடுகளையெல்லாம் போடுகிறவர் தையல் ஆசிரியையான பிலோமினா டீச்சர். பால்மாவு டின்னின் அடியில் ஆணியால் துளை போட்டு, அதில் சுண்ணாம்புப் பொடியை நிரப்பி, தட்டிக்கொண்டே நடந்தார் என்றால், வேப்பமரத்தடியிலிருந்து காம்பவுண்டுச் சுவர் வரைக்கும் கோடு கத்தரி போட்ட துணி மாதிரி நேராகப் போகும். பள்ளியில் நேர்கோடு போடத் தெரிந்த கை அது ஒன்றுதான் என்று ஹெட்மாஸ்டரே ஒப்புக்கொள்வார். ஆனால் அதை எழுத்தில் தரமாட்டார்.

ஹெட்மாஸ்டர் அந்தோணிசாமி சார் நல்ல மனிதர், பயந்த மனிதர். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது. அந்த இரண்டு வருடத்தையும் தலையில் தண்ணீர்க்குடம் வைத்தவர் போல அலுங்காமல் கடந்துவிட வேண்டும் என்பது ஒன்றே அவர் நோக்கம். யார் எதைச் சொன்னாலும் "எழுத்துல குடு" என்பார். எழுத்தில் கொடுத்தால், "மேல கேக்கணும்" என்பார்.

1996ஆம் ஆண்டு விளையாட்டு விழா முடிந்த கையோடு அவரிடம் ஒரு சுற்றறிக்கை வந்தது. கிராமப்புறப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளைகளுக்குத் திண்டுக்கல்லில் ஒரு திறனறித் தேர்வு. தேறினால் பன்னிரண்டாம் வகுப்பு வரை உதவித்தொகை. கேள்விக்கு நான்கு விடை இருக்கும், சரியான விடைக்குரிய வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. கடைசியில் "இணைப்பு: மாதிரி விடைத்தாள்" என்றும் எழுதியிருந்தது. இணைப்பு என்று எழுதியிருக்கும் தாளில் இணைப்பைத் தேடக் கூடாது என்பதை நான் பிற்பாடு பல கோப்புகளில் கற்றுக்கொண்டேன். அன்று ஹெட்மாஸ்டர் உறையைத் தலைகீழாக உதறிப் பார்த்தார். ஒரு குண்டூசிதான் விழுந்தது.

எட்டுப் பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் நானும் ஒருவன். யார் பயிற்சி கொடுப்பது என்ற கேள்வி எழுந்தபோது ஆசிரியர்கள் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். வாரத்தில் குறைந்த பீரியடு உள்ளவர் என்ற ஒரே தகுதியின் பேரில் அந்த வேலை பிலோமினா டீச்சரின் தலையில் விழுந்தது.

அந்த எட்டுப் பேரில் ராசாத்தியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒன்றாம் வகுப்பிலிருந்து எங்களையெல்லாம் இரண்டாம் இடத்துக்கு அடித்துக்கொள்ள விட்டுவிட்டு முதலிடத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தவள். அவள் அப்பா கருப்பையா குத்தகைக்கு மல்லிகைத் தோட்டம் போட்டிருந்தார். எங்கள் ஊரில் எட்டாவதோடு பெண்பிள்ளைகளின் படிப்பு நின்றுவிடும். யாரும் தடுப்பதில்லை, ஒன்பதாவது வேறு ஊரில் இருந்தது, அவ்வளவுதான். பிலோமினா டீச்சர் கருப்பையாவிடம் போய், திண்டுக்கல்லில் ஹாஸ்டல் இருக்கிறது, அங்கே சேர்த்துவிடலாம் என்று பேசினார். கருப்பையா மரியாதை தெரிந்தவர்.

"எம்மக கெட்டிக்காரின்னு நீங்க சொல்றீக டீச்சரம்மா. நான் ஒரு எழுத்துப் படிச்சவனா, கண்டனா? இந்தப் பரிச்ச எழுதட்டும். தேறிட்டான்னு அவுக சொல்லிட்டா, நானே கூட்டியாந்து ஆஸ்டல்ல விடுறேன். இல்லைன்னா எங்கூடப் பூவெடுக்கட்டும்."

ஆக, எங்கள் ஏழு பேருக்கு அது ஒரு தேர்வு. ராசாத்திக்கு அது ஒன்பதாம் வகுப்பு.

மாதிரி விடைத்தாள் இல்லாத குறையை டீச்சர் சுண்ணாம்பால் தீர்த்தார். ஓட்டப் பந்தயத்துக்குப் போட்ட கோடுகள் மைதானத்தில் அழியாமல் இருந்தன. அவற்றுக்குக் குறுக்கே கோடுகள் இழுத்ததும் வரிசைக்கு ஐந்து ஐந்தாகக் கட்டங்கள் கிடைத்தன. கட்டத்துக்கு நான்கு வட்டம்: அ, ஆ, இ, ஈ. முதல் வரிசையில் இடமிருந்து வலமாக ஐந்து கேள்வி, முடித்ததும் அடுத்த வரிசைக்குத் திரும்பி மறுபடி இடமிருந்து வலம். புத்தகம் படிப்பது அப்படித்தான், தையல் ஓடுவதும் அப்படித்தான்; விடைத்தாள் மட்டும் வேறு மாதிரி இருக்கும் என்று அவர் ஏன் நினைக்கப் போகிறார்?

டீச்சர் வேப்பமர நிழலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கேள்வியைப் படிப்பார். நாங்கள் ஒவ்வொருவராகக் கட்டத்துக்குக் கட்டம் நொண்டியடித்துத் தாவி, சரியான வட்டத்துக்குள் கோட்டில் படாமல் நிற்க வேண்டும். சின்ன வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு "அவுட்டு, அவுட்டு" என்று கத்துவார்கள். வேப்பம்பூ தலையில் உதிரும்.

"ஏலே முருகேசா, நீ 'இ'ல நிக்கிறியா 'ஈ'ல நிக்கிறியா? ஒரு காலு அங்கிட்டு ஒரு காலு இங்கிட்டு வச்சா ரெண்டுமே கெடையாதுலே."

"டீச்சர், ஒரு கால்ல நின்னா யோசிக்க வரமாட்டேங்குது டீச்சர்."

"ரெண்டு கால்ல நின்னப்ப மட்டும் அம்புட்டு யோசிச்சியாக்கும்? தாவுலே."

மூன்று வாரம் இப்படித் தாவியதில் எங்களுக்கு அந்தத் தேர்வு பற்றிய பயமே போய்விட்டது. சதுரங்கள், எண் தொடர்கள், கண்ணாடிப் பிம்பங்கள் எல்லாம் கால் வழியாக மேலே ஏறின. நான் அதன் பிறகு ராணுவத்திலும் அஞ்சல் வழியிலும் எத்தனையோ தேர்வு எழுதியிருக்கிறேன். எழுதுவதற்கு முன் காலில் ஒரு குறுகுறுப்பு வரும்.

தேர்வன்று காலையில் முதல் பஸ் வரவில்லை. டீச்சர் செத்த நேரம் ரோட்டைப் பார்த்தார். பிறகு எங்கள் எட்டுப் பேரையும் பூ ஏற்றிக்கொண்டு போன வேனில் ஏற்றிவிட்டுத் தானும் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். ஈரச் சாக்கு மூட்டைகளுக்கு நடுவில் நாங்கள். திண்டுக்கல் வந்ததும் வேன் பள்ளிக்குப் போகாமல் நேராகப் பூ மார்க்கெட்டுக்குப் போனது. டீச்சர் சத்தம் போட்டார். டிரைவர் அசையவில்லை.

"கோவிச்சுக்கிறாதீக டீச்சர். பூ வாடிரும். பரிச்சயா வாடப் போகுது?"

மூட்டைகளை இறக்கிவிட்டுத் தேர்வு நடந்த பள்ளிக்கு நாங்கள் ஓடிச் சேர்ந்தபோது மணி அடித்து முடித்திருந்தார்கள். விடைத்தாளை எப்படி நிரப்ப வேண்டும் என்ற அறிவுரைகளைக் கண்காணிப்பாளர் உரக்க வாசிக்க வேண்டும். வாசித்துவிட்டார். தாமதமாக வருகிறவர்களுக்கு மறுபடி வாசிக்க வேண்டுமா என்பது பற்றி விதியில் ஒன்றும் இல்லை. அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். எங்கள் சட்டையிலிருந்து வந்த வாசனை அறையையே நிறைத்துவிட்டது.

"என்னங்கப்பா, கல்யாண வீட்டுல இருந்தா வர்றீங்க? போய் உக்காருங்க, போங்க."

ஒருவர் பின் ஒருவராக எட்டுப் பேரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். விடைத்தாளைப் பார்த்ததும் எனக்கு வந்த நிம்மதியை இப்போதும் சொல்ல முடியும். எங்கள் மைதானமேதான் அது. குறுக்கே ஐந்து கட்டம், கட்டத்துக்கு நான்கு வட்டம். கீழே கீழே இருபது வரிசை. கேள்வி எண்கள் ஒவ்வொரு பத்தியின் தலையிலும் மட்டும் சின்னதாகப் போடப்பட்டிருந்தன; அதுவும் ஸ்டென்சில் மை பாதி ஒட்டாமல், எறும்பு ஊர்ந்த தடம் மாதிரி. அந்த எறும்பை எட்டுப் பேரில் ஒருவரும் கவனிக்கவில்லை. பென்சில் இடமிருந்து வலமாகத் தாவித் தாவிப் போனது. மணியடிப்பதற்கு முன்பே முடித்துவிட்டோம். திரும்பும்போது டீச்சர் பஸ் ஸ்டாண்டில் எல்லோருக்கும் ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார். நாங்கள் கேள்விகளைச் சொல்லச் சொல்ல, அவர் விடைகளைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டே வந்தார்.

கோடை விடுமுறையில் முடிவு வந்தது. எங்கள் எட்டு எண்களுக்கும் எதிரே "நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது" என்று இருந்தது. கூடவே ஹெட்மாஸ்டருக்கு ஒரு கடிதம். அடுத்தடுத்து அமர்ந்திருந்த எட்டுத் தேர்வர்களின் தாள்களில் ஒரே மாதிரியான தவறான விடைகள் காணப்படுவதால், பார்த்து எழுதியதாக ஐயம் ஏற்பட்டுள்ளது. ஒன்றுபோலச் சரியாக எழுதினால் படித்த பிள்ளைகள், ஒன்றுபோலத் தவறாக எழுதினால் திருட்டுப் பிள்ளைகள். அந்தக் கணக்கை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த மேஜையில் நான் உட்கார்ந்திருந்தாலும் அதையே எழுதியிருப்பேன். விளக்கம் ஒன்று கேட்டிருப்பேன், அவ்வளவுதான்.

ஊரில் செய்தி பரவ ஒரு பகல் போதுமானதாக இருந்தது. எங்களுக்கு "காப்பி செட்டு" என்று பெயர் வந்தது. பையன்களுக்கு அது இரண்டு நாள் கேலி. எங்களில் சிலர் அந்தப் பெயரைக் கொஞ்சம் பெருமையாகக்கூட வைத்துக்கொண்டார்கள். ராசாத்திக்கு அப்படி இல்லை. பூ எடை போடும் இடத்தில் கூடையை இறக்கி வைத்தவளிடம் ஒரு அக்கா கேட்டது என் காதிலேயே விழுந்தது.

"ஏன்டி ராசாத்தி, பூவாச்சும் நீயாப் பறிச்சியா, இல்ல பக்கத்துக் கொடிக்காரி பறிக்கிறதப் பாத்துப் பறிச்சியா?"

எல்லோரும் சிரித்தார்கள். ராசாத்தி கூடையை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். கருப்பையா அன்று டீச்சர் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"தேறலைன்னாக்கூட மறு வருசம் பாப்போம்னு சொல்லிருப்பேன் டீச்சரம்மா. களவாண்டு எழுதுனான்னு பேராயிருச்சு. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஆஸ்டல்ல போயி நிக்கச் சொல்றீக?"

போதாததற்கு மாற்றுச் சான்றிதழ். எட்டாவது முடித்து வெளியூருக்குப் போகிறவர்களுக்கு அது இல்லாமல் எங்கும் இடம் கிடையாது. அதில் "நடத்தை" என்று ஒரு இடம் உண்டு; எல்லோருக்கும் "நன்று" என்று எழுதுவார்கள். ஊரில் மாட்டைக் கட்டவிழ்த்து விட்டவனுக்கும், பள்ளி மணியைத் தோட்டத்துக் கிணற்றில் போட்டவனுக்கும் அந்தோணிசாமி சார் "நன்று" எழுதியிருக்கிறார். எங்கள் எட்டுப் பேருக்கு எழுத அவர் பேனா நகரவில்லை.

"மேல ஒரு ஐயம் இருக்கு. அது தீராம நான் எப்படிம்மா எழுதுவேன்? பதில் வரட்டும்."

"பதில் வராட்டி என்ன சார் செய்றது?"

"வரும். கொஞ்சம் பொறுங்க. மேல கேட்டிருக்கேன்."

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. நாங்கள் எட்டாவதும் இல்லை, ஒன்பதாவதும் இல்லை. பழைய வகுப்பறைப் பக்கம் போனால் புது எட்டாவதுப் பிள்ளைகள் எங்களை விருந்தாளிகளைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். உயர்நிலைப் பள்ளிகளில் சேர்க்கை முடியப் போகிறது என்று பேசிக்கொண்டார்கள்.

பிலோமினா டீச்சர் எங்களைத் தையல் அறைக்குக் கூப்பிட்டார். மெஷின்களுக்கு நடுவில் எட்டுப் பேரையும் வரிசையாக நிற்க வைத்தார்.

"ஏலே, அடிக்க மாட்டேன். உள்ளதச் சொல்லுங்க. யாரப் பாத்து யாரு எழுதுனது?"

யாரும் யாரையும் பார்க்கவில்லை என்றோம். அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அவர் எங்களை நம்பினார் என்பதும், நம்பியதால்தான் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை என்பதும் எங்களுக்கே தெரிந்தது. அப்போது எங்களில் ஒருவனான சேவியர் சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தான். திண்டுக்கல்லில் படிக்கும் அவன் சித்தப்பா மகனிடமிருந்து வாங்கி வந்தது. அந்தப் பள்ளிக்குப் போன சுற்றறிக்கையில் இணைப்பு இருந்திருக்கிறது. டீச்சர் அந்த மாதிரி விடைத்தாளை வெட்டு மேஜையில் விரித்து, துணியின் சுருக்கத்தை நீவுவது போல நீவினார். பத்திகளின் தலையில் எண்கள் தெளிவாக இருந்தன: 1 முதல் 20, 21 முதல் 40. மேலிருந்து கீழ். அவர் விரல் முதல் பத்தியில் மெதுவாக இறங்கியது. அடிவரைக்கும் போய் நின்றது.

"அடி ஆத்தி" என்றார். "நான் படுக்கப் போட்டேன். அவன் நிக்க வச்சிருக்கான்."

நாங்கள் இரண்டாவது கேள்விக்கு எழுதிய விடை இருபத்தொன்றாவது கேள்விக்குரிய வட்டத்தில் போய் உட்கார்ந்திருந்தது. மூன்றாவது நாற்பத்தொன்றில். நூறு கேள்விகளில் முதல் கேள்வியும் கடைசிக் கேள்வியும் மட்டுமே சொந்த வீட்டில் இருந்தன. எங்கள் எட்டுப் பேரின் பூர்வஜென்மப் பாவம் ஒன்றும் இல்லை. ஒரே மைதானத்தில் தாவிப் பழகியிருந்தோம்.

டீச்சர் அன்றே எழுதினார். பிள்ளைகள் மேல் குற்றமில்லை, பயிற்சிக்குக் கட்டம் போட்டதில் பிழை என்னுடையது, தாள்களைக் குறுக்குவாட்டில் படித்துத் திருத்திப் பாருங்கள் என்று. ஹெட்மாஸ்டர் அதைப் படித்துவிட்டு வியர்த்தார்.

"பிழை என்னுதுன்னு எழுதியிருக்கியேம்மா. உனக்கு மெமோ வரும்."

"வரட்டும் சார். நீங்க மேல அனுப்புங்க. ஆனா அது வரைக்கும் இந்தப் பிள்ளைகள நிப்பாட்டி வைக்காதீங்க."

"எதை வச்சும்மா நான் நம்புறது?"

டீச்சர் அதற்கு எழுத்தில் பதில் கொடுக்கவில்லை. மறுநாள் சாயங்காலம் பால்மாவு டின்னோடு மைதானத்துக்குப் போனார். மழைக்கு அழிந்திருந்த கட்டங்கள் மறுபடி வெள்ளையாக எழுந்தன. ஆள் அனுப்பிக் கருப்பையாவை வரச் சொன்னார். தோளில் துண்டும் கையில் காலிக் கூடையுமாக அவர் வந்தபோது காம்பவுண்டுச் சுவரெங்கும் தலைகள். பூ எடை போடும் இடத்தில் சிரித்தவர்களில் பாதிப்பேர் அங்கே இருந்தார்கள். கேள்வித்தாளை வீட்டுக்குக் கொண்டுபோக விட்டிருந்தார்கள். அதில் இருபது கேள்விகளை டீச்சரே குறித்து ஹெட்மாஸ்டர் கையில் கொடுத்தார். எங்களை ஒரு வகுப்பறைக்குள் விட்டு, ஜன்னல்களைச் சாத்தி, கதவைத் தாழிட்டார்கள். ஒவ்வொருவராக வெளியே வர வேண்டும், தாவ வேண்டும், முடித்துவிட்டு எதிர்ப்பக்கம் போய் நிற்க வேண்டும். விழுந்த வட்டத்தை ஹெட்மாஸ்டர் ஒரு தாளில் குறித்துக்கொள்வார்.

நான் மூன்றாவதாகப் போனேன். இருள் சூழ்ந்த அறையிலிருந்து வெளியே வந்ததும் சுண்ணாம்பில் கண் கூசியது. தாவி முடித்து எதிர்ப்பக்கம் போனபோது ஹெட்மாஸ்டரின் நெற்றிச் சுருக்கம் லேசாக விலகத் தொடங்கியிருந்தது. மூன்று பேருக்கும் ஏறக்குறைய ஒரே குறிகள். கடைசியாக ராசாத்தி வந்தாள். பாவாடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கூட்டத்தைப் பார்க்காமல் தாவினாள். முதல் கட்டத்திலிருந்து எங்கள் வட்டங்களிலேயே அவளும் நின்றாள். கருப்பையா கூடையின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தார்.

பதினான்காவது கேள்வியை ஹெட்மாஸ்டர் படித்தார். கண்ணாடியில் பார்க்கும்போது ஒரு கடிகாரம் மூன்றே கால் காட்டுகிறது, உண்மையான நேரம் என்ன? நாங்கள் ஏழு பேரும் ஒன்பதே முக்காலில் நின்றிருந்தோம். ராசாத்தி ஒரு கணம் ஒற்றைக்காலில் ஆடி, பக்கத்து வட்டத்தில் விழுந்தாள். எட்டே முக்கால். சுவரிலிருந்து "அவுட்டு!" என்று ஒரு சின்னக் குரல் கத்தியது.

ஹெட்மாஸ்டர் தாளைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். "ஏம்மா, ஏழு பேரு ஒம்பதே முக்கால்ங்கிறாங்க. நீ?"

"மூணே கால்னா சின்ன முள்ளு மூணு மேல நிக்காது சார். மூணத் தாண்டிக் கொஞ்சம் கீழ எறங்கிருக்கும்ல? கண்ணாடியில பாத்தா அது ஒம்பதுக்கும் கீழதான் நிக்கும். ஒம்பது இன்னும் அடிக்கல சார்."

அந்தோணிசாமி சார் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றினார். முள்ளைத் திருகி மூன்றே காலில் வைத்து, தையல் அறைக் கண்ணாடியைக் கொண்டுவரச் சொல்லி, அதற்கு எதிரே பிடித்தார். நீண்ட நேரம் பார்த்தார். பிறகு, நான் பார்த்தவரை அவர் வாழ்க்கையில் முதல் முறையாக, எழுத்தில் எதுவும் இல்லாமல் பேசினார்.

"கருப்பையா, ஏழு பயலும் தப்பு. உம்மக ஒருத்திதான் சரி. பாத்து எழுதுறவ எப்படிய்யா தனியாப் போயிச் சரியா நிப்பா?"

இது சட்டப்படி சாட்சியமே ஆகாது. ஜூன் மாதம் மைதானத்தில் ஒரு பெண் சரியாகத் தாவினாள் என்பதால், மார்ச் மாதம் அறைக்குள் அவள் பார்த்து எழுதவில்லை என்று நிரூபணமாகாது. எந்த விசாரணை அதிகாரியும் இதை ஏற்கமாட்டார், நானே ஏற்கமாட்டேன். ஆனால் அங்கே விசாரணை அதிகாரி கருப்பையா. அவர் கூடையைக் கீழே வைத்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். சுவர்ப் பக்கம் திரும்பி, பூ எடை போடும் இடத்து அக்காவைத் தேடிப் பிடித்து, "கேட்டுக்கிட்டியாத்தா?" என்றார். பிறகு டீச்சரிடம் வந்தார்.

"பதிலு வரட்டும்னு சாரு சொன்னாகல்ல டீச்சரம்மா? வந்துருச்சு. நாளைக்கு வேன்ல பூவோட கூட்டிட்டு வாரேன். அந்த ஆஸ்டலு எங்கிட்டு இருக்குன்னு நீங்க வந்து காமிங்க."

அன்று இருட்டுவதற்குள்ளேயே அலுவலக அறையைத் திறந்து எட்டுச் சான்றிதழ்களும் எழுதப்பட்டன. "நடத்தை" என்ற இடத்துக்கு வந்ததும் ஹெட்மாஸ்டரின் பேனா கொஞ்சம் தயங்கியது. பிறகு எட்டு முறையும் ஒரே வேகத்தில் "நன்று" என்று எழுதியது. "மெமோ வந்தா ரெண்டு பேருமா வாங்கிக்குவோம்" என்று டீச்சரிடம் சொன்னார். மெமோ வரவில்லை. பதிலும் வரவில்லை. உதவித்தொகை இல்லாமலே ராசாத்தி படித்தாள். விடுமுறைக்கு வரும்போது முதல் நாள் காலையிலேயே தோட்டத்தில் இருப்பாள்.

இப்போது அந்தப் பள்ளி உயர்நிலைப் பள்ளியாகிவிட்டது. ஒன்பதாம் வகுப்புக்கு ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை. நடைகூடத்தைத் தாண்டினால் போதும். மைதானத்தில் சிமெண்டுக் கற்கள் பதித்திருக்கிறார்கள், சுண்ணாம்பு அதில் நிற்காது. விளையாட்டு விழாவுக்குக் கோடு வேண்டுமென்றால் பெயிண்ட் அடிக்கிறார்கள். தையல் ஆசிரியைப் பணியிடம் பிலோமினா டீச்சர் ஓய்வு பெற்ற நாளோடு காலாவதியானது. திறனறித் தேர்வுக்குப் பயிற்சி கணினியில் நடக்கிறது. பிள்ளைகள் அசையாமல் உட்கார்ந்து விடை சொல்கிறார்கள். வேப்பமரம் இருந்த இடத்தில் சைக்கிள் கொட்டகை. இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. நடைகூடத்தைத் தாண்டி ஒன்பதாவதுக்குப் போகும் பெண்பிள்ளைகளைப் பார்க்கும்போது, போன மைதானத்துக்காக வருந்த எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் கோப்பு அவ்வளவு சீக்கிரம் மறைவதில்லை. பிலோமினா டீச்சர் ஒவ்வொரு வருடமும் விளையாட்டு விழா முடிந்ததும் ஒரு நினைவூட்டுக் கடிதம் அனுப்பிக்கொண்டே இருந்தார். யார் கேட்டாலும், "அதுக பேரு அங்க அழுக்காக் கெடக்குல்ல" என்பார். நான் ராணுவத்தில் சேர்ந்த பிறகு ஒரு முறை விடுப்பில் வந்திருந்தபோது, கையில் ஒரு பழுப்பு உறையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"ஏலே, நீதான் மிலிட்டரியில எழுதுறவனாச்சே. இது என்ன சொல்லுதுன்னு பிரிச்சுச் சொல்லு."

படித்தேன். "பார்வை" என்ற இடத்தில் அவருடைய கடிதங்கள் அத்தனையும் வரிசையாகக் குறிப்பிடப்பட்டிருந்தன. கோரியபடி விடைத்தாள்கள் குறுக்குவாட்டில் மறு ஆய்வு செய்யப்பட்டன. முறைகேடு ஏதும் இல்லை எனக் கண்டறியப்பட்டு, நிறுத்தி வைப்பு விலக்கிக்கொள்ளப்படுகிறது. எட்டுப் பேரில் ராசாத்தி தகுதி பெற்றுள்ளார். அவர் ஒன்பதாம் வகுப்பில் பயின்று வருவதற்கான சான்றைப் பதினைந்து நாட்களுக்குள் அனுப்பினால் உதவித்தொகை வழங்க ஆவன செய்யப்படும். ராசாத்தி அப்போது கணிதத்தில் பட்டம் முடித்து மதுரையில் பி.எட். படித்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் தாளை வாங்கி, "முறைகேடு ஏதும் இல்லை" என்ற வரியை விரலால் நீவினார். பிறகு இரண்டு பேருமாகத் தோட்டத்துக்குப் போனோம். கருப்பையா பூக்கூடைக்கு ஈரத் துணி போட்டுக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

"என்ன டீச்சரம்மா, வெயில்ல? என்னமோ தாளு வந்துருக்கு போல. என்னவாம்?"

"உங்க மக பாத்து எழுதலையாம். மேல இருந்து சொல்லியிருக்காங்க."

கருப்பையா ஈரத் துணியின் நான்கு முனைகளையும் கூடைக்குள் செருகினார்.

"இது எனக்குத் தெரிஞ்சதுதான டீச்சரம்மா. அவுகளுக்கு இப்பத்தான் தெரிஞ்சுதாக்கும்? பாவம்" என்றார்.

உறையின் மேல் பள்ளி அலுவலகத்தின் வரவு முத்திரை இருந்தது. பழக்க தோஷத்தில் தேதியைப் பார்த்தேன்: 23.02.2004.